இருநூற்றுப் பதினான்கா, இருநூற்று ஐம்பத்து நான்கா

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. எங்கள் குகையாளர் சங்கத்தின் ஆண்டிதழுக்கு, தரவுகளை நெடுங்காலம் பத்திரப்படுத்த எந்தச் சாதனம் நல்லது என்று இரண்டு பக்கக் கட்டுரை எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். வன்தட்டுக்கு ஐந்தாண்டு, காந்த நாடாவுக்கு முப்பதாண்டு, சிடி வட்டுக்கு நூறாண்டு என்று தயாரித்தவர்கள் சொல்வதையெல்லாம் திரட்டி, நடுவில் ஒரு அட்டவணையும் போட்டு, சங்கத்தின் தரவுகளைப் பார்த்துக்கொள்ளும் மிலோய்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தாள்.

"அட்டைப்பெட்டி மேல போட்டிருக்கறத அப்படியே எழுதியிருக்க" என்றாள். "உள்ள இருக்கறத யாரு காப்பாத்துறாங்கன்னு எங்கயும் காணோமே."

அன்று மாலையே அட்டவணையைக் கிழித்துப் போட்டேன். காப்பாற்றுகிற ஆளைப் பற்றியே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். முன்கூட்டியே எச்சரிக்கிறேன்: இந்தப் பெண்மணி மேல் எனக்கு இருபது வருடமாக அசாத்திய மரியாதை. நடுநிலையை என்னிடம் தேடாதீர்கள்.

2

முதல் தொடக்கம்: "1987 அக்டோபரில், க்ரிவா யாமா குகையின் கடைசி அறையில், மிலோய்காவின் விளக்கு திடீரென்று—"

[விட்டுவிட்டேன். அன்று அவள் விளக்கு நன்றாகத்தான் எரிந்தது.]

இரண்டாவது தொடக்கம்: "தரவு என்றால் என்ன? மனிதகுலம் தோன்றிய நாள்முதல்—"

[சீ.]

மூன்றாவது: மிலோய்கா ஷ்னிடர்ஷிச்சுக்கு அறுபத்தொன்று வயது. ஊர் மருந்துக்கடையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சங்கம் அளந்த நானூற்றுப் பன்னிரண்டு குகைகளின் அளவைக் கணக்குகள் அவள் பொறுப்பில் இருக்கின்றன. ஒவ்வொரு குகைக்கும் நீளம், சாய்வு, திசைமானி காட்டிய பாகை என்று வரிசை வரிசையாக எண்கள். அந்த எண்களைக் கொடுத்தால் கணினி வரைபடம் போட்டுவிடும்.

இது போதும். உள்ளதை உள்ளபடி சொன்னால் அவள் தானாகவே நிமிர்ந்து நிற்பாள்.

அவளுடைய சட்டங்கள் சில. ஒரே பெட்டியில் வந்த வட்டுகளில் இரண்டு பிரதி எடுக்கக் கூடாது. ஒரே நாளில் பிறந்தவை ஒரே வாரத்தில் படுத்துவிடும் என்பாள். வட்டின் மேல் காகிதச் சீட்டு ஒட்டக் கூடாது. வன்தட்டு கல்லுக்குண்டாக இருந்தாலும் ஐந்தாம் வருடம் மாற்றியே தீர வேண்டும். நாடாவை வைத்திருப்பவன் அதைப் படிக்கும் கருவியில் இரண்டு வைத்திருக்க வேண்டும். காகிதச் சீட்டுச் சட்டம் சென்ற வருடம் வந்தது, மற்றவை இரண்டாயிரத்தொன்பதில். சீட்டுச் சட்டம் ஏன் வந்தது என்பதை நான்காம் பகுதியில் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. ஜனவரியில் சாப்பாட்டு விடுதியில் ஆண்டுக்கூட்டம் நடக்கும். தொத்திறைச்சியும் புளித்த டர்னிப்பும் அடுப்பில் மணக்க, மிலோய்கா ஒரு வெற்றுக் கணினியை மேசையில் வைத்து, பிரதியிலிருந்து எல்லாவற்றையும் அதில் மீட்டெடுப்பாள். யாராவது ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பட்டியலில் ஒரு குகையின் பெயரைத் தொட வேண்டும். அதைத் திறந்து, கடைசி எண் வரை சரிபார்த்த பிறகுதான் சோற்றுக்கரண்டிக்கே அனுமதி. எங்கள் தலைவர் ட்சிரில் இதற்குத் "திருப்பலி" என்று பெயர் வைத்திருக்கிறார். பலி முடியும் வரை பசியோடு உட்கார்ந்திருப்பவர்களில் நானும் ஒருவன். திறந்து பார்க்காத பிரதி பிரதியே இல்லை என்பது அங்கே உட்கார்ந்துதான் எனக்கு உறைத்தது.

3

க்ரிவா யாமா இப்போது இல்லை. மழை விடாமல் கொட்டிய ஒரு வசந்தத்தில் அதன் வாய் இடிந்து மூடிக்கொண்டது. தோண்டிப் பார்த்தோம், மேலும் சரிந்தது. உள்ளே போன மனிதர்கள் இரண்டே பேர்: திசைமானி பிடித்து எண்களைச் சொன்ன ஸ்லாவ்கோ, கேட்டு எழுதிக்கொண்ட மிலோய்கா. ஆக, ஒரு கிலோமீட்டர் நீளக் குகை ஒன்று உலகத்தில் வெறும் எண்களாக மட்டும் மிஞ்சியிருந்தது.

சென்ற வருடம் அந்தக் குன்றின் மேல் எரிபொருள் தொட்டிகள் புதைக்க ஒரு நிறுவனம் விண்ணப்பம் போட்டது. குகைக்குள் ஓடும் தண்ணீர் எங்கள் ஊற்றில்தான் வந்து விழுகிறது. நாலாயிரம் பேர் குடிக்கிற ஊற்று. தொட்டிக்கு நேர் கீழே குகை போகிறது என்று காட்டினால் அனுமதி நிற்கும். விசாரணை புதன்கிழமை.

திங்கட்கிழமை காலை மிலோய்கா தன் வீட்டு வன்தட்டைத் திறந்தாள். கடைசித் துண்டு, நாற்பத்திரண்டு மீட்டர், பாகை 214. திரையில் வரைபடம் விழுந்தது. குகை தொட்டிக்கு நேர் கீழே போய் நின்றது. ட்சிரில் சந்தோஷத்தில் அவள் முதுகில் ஓங்கித் தட்டினார். அவளோ அந்தத் தட்டலை வாங்கிக்கொண்டு, நூலகத்தில் வைத்திருக்கும் நாடாவையும் கொண்டுவரச் சொன்னாள்.

நாடாவில் இருந்தது 254. குகை பக்கத்துக் காட்டுக்குள் திரும்பிவிட்டது.

(கேள்வி வரும் என்று தெரியும்: இவ்வளவு கறாரான பெண் இதைக் கோட்டை விட்டது எப்படி? எண்கள் முதலில் நெகிழ்வட்டுகளில் இருந்தன; அவற்றை இன்று படிக்க முடியாது. இரண்டாயிரத்தொன்பதில் சங்கக் கணினி வழியாக வன்தட்டுக்கும், ட்சிரிலின் கணினி வழியாக நாடாவுக்கும் போயின. கணினிக்குள் ஒன்று ஐந்தாக மாற ஒரே ஒரு துளி தகவல், ஒரு 'பிட்', புரண்டால் போதும். வழியில் எங்கோ புரண்டிருக்கிறது. அன்றைக்கே ஒவ்வொரு பிரதிக்கும் தனித்தனியாகச் சரிபார்ப்புப் பட்டியல் போட்டார்கள். அதன் பிறகு வருடந்தோறும் இரண்டும் தத்தம் பட்டியலோடு அச்சுப் பிசகாமல் ஒத்துப்போயின. ஒன்றோடு ஒன்றை மட்டும் யாரும் ஒப்பிடவில்லை. பிழையைப் பதினைந்து வருடம் பூப்போலக் காத்து வந்திருக்கிறோம்.)

"என் தப்பு" என்றாள் மிலோய்கா. திரையைப் பார்த்தபடியே சொன்னாள். யார் தலையிலும் அவள் அதைக் கட்டவில்லை.

4

மூன்றாவது பிரதி ஒன்று இருந்தது. அதைப் பற்றி எழுதத்தான் எனக்கு வெட்கம்.

2004 ஜூலையில், நெகிழ்வட்டுகள் இன்னும் நல்ல நிலையில் இருந்தபோதே, எல்லாவற்றையும் வட்டுகளில் பதித்தோம். எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தது. ட்சிரிலுக்குப் பளிச்சென்று ஒரு யோசனை: பக்கத்துக் குகை ஒன்றிலேயே வைப்போமே. கோடையிலும் குளிரிலும் எட்டுப் பாகை மாறாத வெப்பம், வெளிச்சம் கிடையாது, திருடன் கிடையாது, வாடகை கிடையாது. குகையே கதியென்று கிடப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய பெட்டகம் தோன்றுமா? பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் கை தூக்கினோம். மிலோய்கா ஒருத்திதான் ஈரம், ஈரம் என்று தலையில் அடித்துக்கொண்டாள். ரப்பர் வளையம் போட்ட ஊறுகாய் ஜாடி இருக்க ஈரம் எப்படி வரும் என்று அவள் வாயை அடைத்தோம்.

[நான் கை தூக்கவில்லை என்று முதல் பிரதியில் எழுதியிருந்தேன். தூக்கினேன்.]

செவ்வாய்க்கிழமை மதியம் மிலோய்காவும் ட்சிரிலும் போய் ஜாடியை எடுத்து வந்தார்கள். வெளி ஈரம் ஒரு சொட்டுக்கூட உள்ளே போயிருக்கவில்லை. ஆனால் மூடியை மூடியது ஜூலை மாதத்துப் புழுக்கத்தில். அந்தக் காற்று உள்ளேயே குளிர்ந்து தண்ணீராகி வட்டுகளின் மேல் உட்கார்ந்திருந்தது. மருந்துக்கடைக்காரி வட்டை வெளியே எடுத்தாள். நாங்கள் ஆசையாய் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டு ஊறி உப்பி, வெள்ளிப் பூச்சையும் சேர்த்துக்கொண்டு கையோடு வந்தது.

ட்சிரில் தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். "திட்டிடு மிலோய்கா" என்றார். "திட்டினா எனக்குக் கொஞ்சம் நல்லா இருக்கும்."

அவள் திட்டவில்லை. அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

5

குகைக்குள் எழுதிய சேறு படிந்த நோட்டு எங்கே? சங்கக் கொட்டகைப் பரணில் இருந்தது. எங்கள் காட்டுக் கொறிவிலங்கான பொல்ஹ், அதைக் கூடு கட்டக் கிழித்துக்கொண்டது. இலையுதிர் காலத்தில் பொல்ஹ் பிடித்துக் குழம்பு வைப்பது இங்கே வழக்கம். அந்தத் திசைமானி எண்ணைத் தின்றவனை நாம் எப்போதோ தின்று தீர்த்திருப்போம் என்று ட்சிரில் சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை.

அர்ஜென்டினாவில் இருக்கும் ஸ்லாவ்கோவைக் கூப்பிட்டார்கள். 214, கண்ணில் நிற்கிறது என்றான். அரைமணியில் அவனே திரும்பக் கூப்பிட்டு, அது வேறு குகையாக இருக்கலாம் என்றான்.

ட்சிரில் சுற்றி வளைக்கவில்லை. "நாளைக்கு நாடாவ வீட்டுல வெச்சுட்டு வா. பொய் சொல்லச் சொல்லல. உங்கிட்ட இருக்கற தட்டுல என்ன இருக்கோ, அத மட்டும் காட்டு."

"நூலகத்துல இருக்கறதும் எங்கிட்ட இருக்கறதுதான்."

"நாலாயிரம் பேர் குடிக்கிற தண்ணி மிலோய்கா."

"நானும் அதத்தான் குடிக்கிறேன்."

இந்த இடத்தில் அவளை நான் சந்தேகித்தேன் என்று எழுதியாக வேண்டும். இவ்வளவு நேர்மை கதைக்கு ஆகாது, யாரும் நம்ப மாட்டார்கள். ஒரு ராத்திரி தூங்காமல் புரளட்டும், நாடாவைப் பைக்குள் வைப்பதும் எடுப்பதுமாக இருக்கட்டும் என்று ஒரு பத்தி எழுதினேன். கையெழுத்துப் பிரதியில் மிலோய்கா அதன் குறுக்கே கோடு போட்டு, ஓரத்தில் எழுதினாள்: 'நன்றாகத் தூங்கினேன்.'

6

விசாரணை அறையில் அதிகாரி, நிறுவனத்தின் ஆள், பின்வரிசையில் நாங்கள் எட்டுப் பேர். மிலோய்கா இரண்டு வரைபடங்களையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் விரித்தாள். நடந்ததை மூன்று நிமிடத்தில் சொன்னாள், தன் தப்பு எது என்பது உட்பட. நிறுவனத்தின் ஆள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

அதிகாரி கேட்டார்: "நீங்களே உள்ள போனவங்க, அம்மா. எந்தப் பக்கம் திரும்புச்சு?"

"எழுதினது ஞாபகம் இருக்கு. என்ன எழுதினேன்னு ஞாபகம் இல்ல."

"ஒண்ண மட்டும் கொண்டுவந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே."

"தெரிஞ்சிருக்காது" என்றாள் மிலோய்கா. "எங்ககிட்ட இன்னும் நானூத்திப் பதினோரு குகை இருக்கு. அடுத்த தடவை ஒரே ஒரு காகிதத்தோட வருவேன். அப்ப நீங்க அத நம்பணும்ல."

பின்வரிசையில் ட்சிரில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான்.

இதற்கு மேல் இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அதிகாரி எழுந்து அவள் கையைக் குலுக்கி விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்கிறார். இன்னொன்றில் நிரூபணம் போதாது என்று அனுமதி கொடுத்துவிடுகிறார். நாங்கள் தலையைத் தொங்கப்போட்டு வெளியே வருகிறோம். இரண்டையும் மிலோய்கா திருப்பிக் கொடுத்துவிட்டாள். நடந்தது எது என்று அவளுக்கும் எனக்கும் தெரியும். நான் சொன்னால், நேர்மைக்கு இந்த ஊரில் இன்ன பலன் என்று நீங்கள் ஒரு கணக்குப் போட்டுக்கொள்வீர்கள். பலன் தெரியாமல்தான் அவள் நாடாவை எடுத்துக்கொண்டு வந்தாள்.

ஆகவே அதிகாரியின் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். அதிகாரி பேனாவைத் திறந்தார். இடது பக்கம் 214, வலது பக்கம் 254. எதிரே ஒரு பெண், உங்களுக்கு உதவியாகக் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. உங்கள் வாய் உலர்கிறது. மேசையில் ஒரு கூஜா இருக்கிறது, எங்கள் ஊற்றுத் தண்ணீர்தான். ஒரு குவளை ஊற்றிக் குடியுங்கள், பிறகு எழுதுங்கள்.