ஜியோலைட்டின் ஜென்ம நட்சத்திரம்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஆதிகேசவன் ஒரு ஜியோலைட் தொழிற்சாலை நடத்தினார். சோப்புத் தூளில் கலக்கும் வெள்ளைப் பொடி அது. உப்புத் தண்ணீரிலும் நுரை வரவைக்கும். சில நாள் பொடி அருமையாக வரும். சில நாள் அதே சரக்கைப் போட்டு அதே சூட்டில் கொதிக்கவைத்தாலும் கட்டிகட்டியாக வரும். ஏனென்று கண்டுபிடிக்க ஆராய்ச்சியாளர் ஜெனிபரை வேலைக்கு வைத்து, ஒரு எக்ஸ்ரே கருவியும் வாங்கிக் கொடுத்தார்.

ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வருகிற ஜெனிபர், டாக்டர் பட்டத்துக்கு இதே கேள்வியைத்தான் ஆராய்ந்திருந்தாள்: கலங்கிய கூழுக்குள் படிகம் எப்போது உருவாகிறது? அந்த ஆராய்ச்சியைப் பற்றி இதுவரை யாரும் ஆசையாகக் கேட்டதில்லை. மகள் ஏதோ ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறாள் என்றே அவள் அம்மா ஊருக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்.

ரியாக்டர் என்ற பெரிய மூடிய கொப்பரையில் கொதிக்கும் கூழை மெல்லிய கண்ணாடிக் குழாய் வழியாக ஓடவிட்டு, அதில் எக்ஸ்ரே பாய்ச்சினாள். கதிர்கள் சிதறும் விதத்தைக் கணினி கோடாக வரைந்தது. முதலில் கோடு மேடாக மட்டும் கிடந்தது. பிறகு அணுக்கள் வரிசைகட்டியதும் ஊசிஊசியாக முனைகள் எழுந்தன. முதல் முனை எழுந்தபோது ஆதிகேசவன் பின்னால் நின்றிருந்தார்.

"இன்னாமா, பொறந்துடுச்சா?"

அப்படியும் சொல்லலாம் என்றாள் ஜெனிபர். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வெளியே போனார்.

மறுநாள் வேப்பம்பட்டிலிருந்து பரத் என்ற ஜோசியர் லேப்டாப்போடு வந்து இறங்கினார். மூன்று மகள்களையும் ஜாதகம் பார்த்தே கட்டிக்கொடுத்தவர் ஆதிகேசவன். பிறந்த நேரம் துல்லியமாகத் தெரிகிறபோது ஜியோலைட்டுக்கு மட்டும் ஏன் பார்க்கக்கூடாது என்பது அவர் வாதம். பரத் கோடுகளைக் கவனமாகப் பார்த்தார். இந்த மேடு என்ன என்று விசாரித்தார். படிகமாகாத சின்னச் சின்னத் துகள்கள், முனை அதற்கப்புறம்தான் வரும் என்று ஜெனிபர் விளக்கினாள்.

"அப்ப மேடு கர்ப்பம், முனைதான் பிரசவம். கர்ப்பத்துக்கு நாங்க ஜாதகம் எழுதறதில்ல மேடம்."

ஜெனிபரின் ஆய்வேட்டைத் திருத்தியவர்களுக்கே அந்த வித்தியாசம் இவ்வளவு சீக்கிரம் புரியவில்லை.

அதன்பின் ஒவ்வொரு சரக்குக்கும் ஜாதகம் எழுதப்பட்டது. செவ்வாய் தோஷமுள்ள மூட்டைகளைத் தனியாக அடுக்கி, அதே தோஷமுள்ள வேறு மூட்டைகளோடு சேர்த்தார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் சாம்சன், தேவாலயத்துக்குத் தவறாமல் போகிறவர், அந்த மூட்டைகளை மெதுவாகத்தான் இறக்கினார். நல்ல நட்சத்திரத்தில் முனை எழவேண்டும் என்று ஆதிகேசவன் கேட்டபோது, கூழை எவ்வளவு நேரம் ஊறவைத்தால் எப்போது படிகமாகும் என்று ஜெனிபர் கணக்குப் போட்டாள். அந்தக் கணக்கில் பொடியும் சீராக வரத் தொடங்கியது. புகழெல்லாம் ரோகிணி நட்சத்திரத்துக்குப் போனது. அவளுக்கு எரிச்சல்தான். ஆனாலும் காலையில் வேலைக்கு வர ஆசையாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அழகான முனைகள் எழுந்தன. ஆனால் ஆதிகேசவனுக்கு அன்று சந்திராஷ்டமம். அது கழியும்வரை தகப்பன் பிள்ளை முகத்தைப் பார்க்கக்கூடாது என்று பரத் சொல்லிவிட்டார். ரியாக்டரைத் திறக்கவேண்டாம் என்றார் ஆதிகேசவன். சூட்டையாவது அணைத்துவிடலாம், இல்லாவிட்டால் கெட்டுப்போகும் என்று ஜெனிபர் கெஞ்சினாள்.

"சூட்ட அணைச்சா கொழந்தைக்கு சளி புடிச்சிக்காதாமா?"

சந்திராஷ்டமம் கழிந்து அவர் வந்தபோது திரையில் பழைய முனைகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்துகொண்டிருந்தன. வேறு இடங்களில் புது முனைகள் எழும்பியிருந்தன. அதிக நேரம் கொதித்ததால் முதல் படிகம் கரைந்து, சோடலைட் என்ற வேறொன்று உருவாகிவிட்டது, இது சோப்புக்கு உதவாது என்றாள் ஜெனிபர். பரத் வெளிறிப்போனார்.

"ஒரே ஒடம்புல ரெண்டு ஜாதகம். என்னால முடியாது சார்."

லேப்டாப்பை மூடிக்கொண்டு அவர் ரயிலேறிவிட்டார். ஆதிகேசவன் தரையில் உட்கார்ந்து அழுதார். தொழிற்சாலைக்குத் தீட்டு என்று விடுமுறை விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு எல்லாரும் வந்தார்கள். கடைசியாக எடுத்த நல்ல எக்ஸ்ரே கோட்டின் படத்துக்குச் சட்டம் போட்டு, சந்தனப் பொட்டு வைத்து, மாலை சாத்தியிருந்தார்கள். கூட இருந்து பார்த்தவள் என்பதால் ஜெனிபரை நாலு வார்த்தை பேசச் சொன்னார் ஆதிகேசவன். ஒப்புக்குப் பேசிவிட்டு உட்காரத்தான் எழுந்தாள். கூழ் எப்படிக் கலங்கியிருந்தது, துகள்கள் எப்படிக் கூடின, முதல் வரிசை எப்படி அமைந்தது என்று தொடங்கியவளால் நிறுத்த முடியவில்லை. யாரும் எழுந்து போகவில்லை. பந்தியில் இலை போட்டவர்கள்கூடக் கதவோரம் வந்து நின்றார்கள்.

சாம்சன் கை தூக்கினார். கரையும்போது முதலில் எந்த மூலை கரையும் என்று கேட்டார்.

அது இன்னும் யாருக்கும் தெரியாது என்றாள் ஜெனிபர். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆதிகேசவன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"தெரிஞ்ச வரைக்கும் சொல்லுமா. சோறு எங்க போயிடும்?"