பதினேழு கைப்பேசியும் ஒரு தாலியும்

எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் அந்த வெள்ளை வட்டம் சுற்றத் தொடங்கினால், அது நிற்பதற்குள் ஒருவர் எங்கள் ஊர் மாசாயிலிருந்து இருநூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சிகாமட்டுக்குப் போய், சொந்தக்காரர் வீட்டில் பிரியாணி சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடலாம். நான் எதையும் பெரிதுபடுத்திப் பேசுவதாக என் மனைவி டொரத்தி சொல்வாள். சரி, தூக்கத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

அந்த வட்டத்துக்குக் காரணம் யார் என்று எனக்கு நான்கு மாதமாகத் தெரியும். நான்தான்.

கிறிஸ்துமஸ் அன்று எங்கள் வீட்டில் திறந்த இல்ல உபசரிப்பு. எங்கள் குடியிருப்பான தாமானே திரண்டு வந்தது. வந்தவர்கள் கேக்கைத் தேடவில்லை, "வைஃபை பாஸ்வேர்ட் என்ன அங்கிள்?" என்றுதான் கேட்டார்கள். நான் பாசிர் கூடாங் துறைமுகத்தில் முப்பத்தோரு வருடம் கிரேன் ஓட்டியவன். உலகத்துக்கே அரிசியும் இரும்பும் இறக்கிக் கொடுத்த கை இது, சும்மா இருக்குமா? ஒரு வெள்ளை அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி, சர்பத் ஜாடிக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டேன். அன்றைக்குக் குழந்தை இயேசுவின் குடில் முன்னால் நின்றவர்களைவிட அந்த அட்டையின் முன்னால் நின்றவர்கள்தான் அதிகம்.

விருந்து முடிந்ததும் அட்டையைக் கிழித்துப் போட்டேன். ஆனால் கைப்பேசி இருக்கிறதே, ஒருமுறை சாப்பிட்ட வீட்டை அது மறப்பதில்லை. பக்கத்து வீடு, எதிர் வீடு, மூலை வீடு எல்லாம் எங்கள் மோடத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தன. பாஸ்வேர்டை மாற்றியிருக்கலாம்தான். ஆனால் பக்கத்து வீட்டுப் பிரேமலா சனிக்கிழமைதோறும் உருளைக்கிழங்கு அடைத்த கறிபாப் சுடச்சுடப் பொரித்துக் கொண்டுவந்து, "உங்க புண்ணியத்துல என் சீரியல் ஓடுது அங்கிள்" என்பாள். எதிர் வீட்டு லெட்சுமணன் தன் காரைக் கழுவும்போது என் காரையும் கழுவிவிடுவான். எந்த மந்திரிக்கு இந்த மரியாதை கிடைக்கும்? எப்படி மாற்றுவது?

வட்டம் டொரத்திக்கு மட்டும்தான். சாயங்காலம் ஜெபமாலை நேரலையைப் போடுவாள். "அருள் நிறைந்த" என்பதோடு படம் நின்றுவிடும். மழை என்றேன். குரங்கு கேபிளில் ஊஞ்சலாடுகிறது என்றேன். ஒருநாள் கடலுக்கடியில் கம்பியைச் சுறா கடித்துவிட்டது என்றுகூடச் சொன்னேன். அவள் எதையும் நம்பவில்லை. அவள் நம்பியது வேறொன்றை.

"அன்னிக்கு நான்தாங்க ரிமோட்டுல என்னமோ தப்பா அமுக்கிட்டேன். அதுலேர்ந்துதான் இப்படி."

இல்லை என்று நான் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் என் முதல் குற்றம். அன்றிலிருந்து அவள் ரிமோட்டைத் தொடுவதில்லை. ஜெபமாலையைத் தனியாக, சமையலறையில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள்.

மார்ச் மாதம் அவளுக்கு முட்டியில் அறுவை சிகிச்சை. ஏப்ரல் கடைசியில் சிகாமட்டில் டாரிலுக்குக் கல்யாணம். டாரில் டொரத்தியின் தங்கை சூசன் பெற்ற பிள்ளை; வளர்த்தது டொரத்தி. சூசன் சிங்கப்பூரில் வேலை பார்த்த ஆறு வருடமும் அவன் எங்கள் வீட்டில்தான் சோறு தின்று, எங்கள் சுவரில்தான் கிறுக்கினான். "இவ்வளவு தூரம் காரில் உட்காரவே கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். டாரில் போனில், "கவலப்படாதீங்க பெரியம்மா. கோயில்லேர்ந்து லைவ் போடறாங்க. தாலி கட்டறப்ப கேமராவப் பாக்கறேன், உங்களப் பாத்த மாதிரி" என்றான்.



கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு, புதன்கிழமை, லைன் பழுதுபார்க்கும் ஹேமநாதனை வரவழைத்தேன். அவன் தன் கைப்பேசியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"வீட்ல எத்தன பேரு அங்கிள்?"

"ரெண்டு பேருப்பா."

"பதினேழு போன் தொங்குதே! நாலு டிவி. ஐயோ, அலமாக்! ஒரு வாஷிங் மெஷின்கூட இருக்கு அங்கிள்."

"மெதுவாப் பேசுப்பா" என்று அவனை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பாஸ்வேர்டை மாற்றும் வழியை என் கைப்பேசியில் காட்டிக் கொடுத்துவிட்டு, "ரெண்டு நிமிஷ வேலதான். முன்னாடியே செஞ்சிடுங்க" என்று சொல்லிப் போனான்.

உள்ளே வந்ததும் டொரத்தி கேட்டாள். "என்னங்க சொன்னாரு? நான் அமுக்குனதுதானா?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்ல எனக்கு முழுதாக ஒரு நிமிடம் இருந்தது. "அப்படியும் இருக்கலாம்னாரு. சரி பண்ணிட்டாரு" என்றேன்.

வியாழன் போனது. வெள்ளி போனது. சனிக்கிழமை, கல்யாண நாள், காலை எட்டு மணிக்கே பிரேமலா கறிபாப்போடு வந்து நின்றாள். இன்னும் சூடாக இருந்தது. அதைத் தின்றுகொண்டே எப்படிப் பாஸ்வேர்டை மாற்றுவது?

பத்து மணிக்கு டொரத்தி பட்டுச்சேலை கட்டி, தலையில் மல்லிகை வைத்து, வாக்கரை ஓரமாக நிறுத்திவிட்டுத் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்தாள். கோயிலுக்கே போனவள்போல் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். பெண் உள்ளே நடந்து வந்தாள், மூன்று அடி வைத்தாள், வட்டம். படம் மீண்டும் வந்தபோது சாமியார் பிரசங்கத்தின் நடுவில் இருந்தார். வாய் திறந்தபடி நின்றார். அவர் வாய்க்குள் ஒரு லாரியே போய்த் திரும்பியிருக்கலாம், அவ்வளவு நேரம்.

டொரத்தி இரண்டு கைகளையும் மடியில் இறுக்கிக்கொண்டாள். "நான் தொடலங்க" என்றாள். "பாருங்க, ரிமோட்டு அங்கதான் இருக்கு. நான் தொடவே இல்ல."

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. சமையலறைக்குப் போய்க் கைப்பேசியை எடுத்து, ஹேமநாதன் காட்டிய இடத்தில் பாஸ்வேர்டை மாற்றினேன். எவனும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண் எல்லாம் கலந்து பதினாறு. தாமான் முழுவதும் ஒரே நொடியில் அறுந்தது.

எங்கள் தொலைக்காட்சியும் அறுந்தது. அதற்கும் பழைய பாஸ்வேர்டுதானே தெரியும். அது எனக்குத் தோன்றவே இல்லை.

பதினாறு எழுத்தையும் ரிமோட்டின் அம்புக்குறியால் தேடித் தேடித் தட்ட வேண்டும். வலது, வலது, கீழே. தாண்டிவிடும். மறுபடி இடது. கப்பல் தளத்தில் நூலிழை பிசகாமல் கண்டெய்னரை இறக்கியவனால் ஒரு எழுத்தின்மேல் நிற்க முடியவில்லை. முதல் முறை, பாஸ்வேர்ட் தவறு. இரண்டாம் முறையும் தவறு. பின்னாலிருந்து டொரத்தி, "மெதுவாங்க, மெதுவா" என்றாள். எனக்கு ஆறுதல் சொன்னாள்!

மூன்றாம் முறை படம் வந்தது, கண்ணாடிபோல, ஒரு நடுக்கம்கூட இல்லாமல். டாரிலும் பெண்ணும் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் கழுத்தில் தாலி இருந்தது.

"கட்டிட்டானா?" என்றாள் டொரத்தி.

நான் வாயைத் திறப்பதற்குள் வாசல் கேட்டில் லெட்சுமணனின் குரல். "அங்கிள்! வைஃபை போச்சு லா!"

"இங்கயும்தான் அங்கிள், சீரியல் பாதியில நிக்குது!" என்று பிரேமலா. மூலை வீட்டுச் சின்னத்தம்பி தன் பங்குக்கு மோட்டார்சைக்கிளிலேயே வந்து ஹாரன் அடித்தார்.

டொரத்தி ஜன்னல் வழியே அவர்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எப்பலேர்ந்து?"

"கிறிஸ்மஸ்லேர்ந்து."

"அப்ப நான் அமுக்குனது?"

"நீ ஒண்ணும் அமுக்கல."

அவள் கத்தியிருக்கலாம். வாக்கரால் ஒன்று போட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே அவங்களுக்குக் குடுத்திருப்பேனேங்க, அக்கம்பக்கம்தானே" என்றாள். "என் வீட்டு ரிமோட்டத் தொடறதுக்கு நாலு மாசமா நான் பயந்துகிட்டு இருந்தேன்."

சாயங்காலம் சூசன் பதிவை அனுப்பினாள். டாரில் தாலியை எடுத்தான்; சொன்னபடியே கேமராவைப் பார்த்தான். ஒரு விநாடி, இரண்டு விநாடி, சிரித்தான், குனிந்து கட்டினான். "நான் இதப் பாத்துக்கிட்டு இருந்தேன்னு நெனச்சிருப்பான்" என்றாள் டொரத்தி.

திங்கட்கிழமை அவள் ஹேமநாதனைப் போனில் அழைத்து, அவன் சொல்லச் சொல்லத் தானே பாஸ்வேர்டை மாற்றினாள். என்னைச் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, ரிமோட்டைக் கையில் எடுத்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். ஒரு தவறுகூட இல்லை. பிரேமலாவுக்கும் லெட்சுமணனுக்கும் அவளே புதிய பாஸ்வேர்டைக் கொடுத்தாள், ஜெபமாலை நேரத்தில் மட்டும் தொடக் கூடாது என்று சொல்லி. எனக்குக் கொடுக்கவில்லை. லெட்சுமணனிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தேன்.

"சாரி லா அங்கிள். உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு ஆன்ட்டி சத்தியம் வாங்கிட்டாங்க."

தாமானிலேயே வைஃபை இல்லாத ஒரே கைப்பேசி இப்போது என்னுடையதுதான். டொரத்தியிடம் கேட்டால் கொடுத்துவிடுவாள், எனக்குத் தெரியும். அதனால்தான் இன்னும் கேட்கவில்லை; எனக்கும் ஒரு நாலு மாதம் ஆகட்டும்.