வெறும் கேரியர்

பிளாஸ்டிக் டப்பா இனி வேண்டாம் என்று சொன்னது நான்தான். லிட்டில் இந்தியாவில் அம்மா நடத்தும் கடையிலிருந்து தினமும் அறுபது வீடுகளுக்கு மதியச் சாப்பாடு போகிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி சொன்னால் மறுப்பார்களா? எவர்சில்வர் கேரியர் நூற்றிருபது வாங்கினோம். இன்று ஒன்று போகும், நேற்றுப் போனது திரும்பும். காகிதக் கணக்கில் எல்லாம் சரி.

மூன்றாம் மாதம் அலமாரியில் இருபத்தெட்டுதான் இருந்தது. மறுநாளைக்கே போதாது.

"கேட்டு வாங்கும்மா."

"சாப்பிட்டவங்ககிட்ட பாத்திரம் எங்கன்னு எப்படிடி கேக்கறது? மூஞ்சி சுருங்கிடும் லா."

"அப்ப மறுபடி பிளாஸ்டிக்தான். அதுக்கு யார் மூஞ்சியும் சுருங்காதா?"

அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே இருந்தார். கொடுத்ததைத் திருப்பிக் கேட்காதவர் அற்புதமேரி என்று பங்குக் கோயில் முழுக்கப் பெருமை. அந்தச் சாந்தத்தைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்றே வாடிக்கையாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்: கேரியரைத் தராத இருபத்தேழு பேரின் பெயர், வீட்டு எண்ணோடு. கீழே ஒரு வரி: "சும்மா கொடுத்தது இல்லை."

மறுநாள் ஃபேரர் பார்க்கில், பட்டியலின் முதல் பெயரான பாக்கியலட்சுமி ஆன்ட்டி வீட்டுக்கு நானே போனேன். நான்கு கேரியர்களும் துடைத்து, மேலே துணி போர்த்தி, சமையல் மேடையில் இருந்தன.

"கழுவித்தானே வச்சிருக்கீங்க? குடுத்திருக்கலாமில்ல?"

"வெறும் பாத்திரத்த எப்படிம்மா திருப்பிக் குடுக்கறது? முறுக்கு சுட்டுப் போட்டுக் குடுக்கலாம்னு இருந்தேன். முட்டி ஆபரேஷன், அடுப்புகிட்ட நிக்க முடியல." துணியை எடுத்து மடித்தார். "பரவால்ல, வெறுமனே கொண்டு போ. அதான் பேர் போட்டுட்டியே."

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே ஆன்ட்டி" என்றுதான் வெளியே வந்தது.

மூன்றே நாளில் எல்லாக் கேரியரும் திரும்பிவிட்டன. கடை வாசலில் வைத்துவிட்டு, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் போனார்கள். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எதிலும் ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை பதினோரு வீடுகள்தான் சாப்பாடு கேட்டன.

"இனி பிளாஸ்டிக் வேணாம்டி. கேரியர் தாராளமா இருக்கு" என்றார் அம்மா. குரல் உயரவில்லை. ஒரு கேரியரில் சோறும் ரசமும் நிரப்பி என் கையில் வைத்தார். "ஆன்ட்டி வீட்டுல குடுத்துட்டு வா."

"அவங்க கேக்கவே இல்லையேம்மா. என்ன சொல்லிக் குடுக்கறது?"

"ஒண்ணும் சொல்லாத. நீ வாயத் திறந்தா இதுவும் திரும்பி வந்துடும்."