சர்வருக்கு வைத்த பொட்டு

ரிப்பேருக்கு வந்து கம்ப்யூட்டர் சர்வர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்த ஜெரால்டுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. மேலும் கீழுமாகச் செருகியிருந்த இரண்டு டிஸ்க்குகளின் நெற்றியிலும் காய்ந்த சந்தனம், குங்குமம். ஆயுத பூஜை முடிந்தால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் போர்க்லிப்ட் முதல் பஞ்சிங் மிஷின் வரை கல்யாணத்துக்குக் கிளம்பினதுபோல் பொட்டோடு நிற்கும். மாசி பிறந்தும் இது கலையவில்லை.

கதவோரம் ஹவுஸ்கீப்பிங் திலகவதி நின்றிருந்தாள். மகனின் காரியம் முடிந்து அன்றுதான் வேலைக்கு வந்திருந்தாள். அவள் மகன் அன்புசெல்வனும் இதே கம்பெனிதான். ஷிப்ட் முடிந்து ஆரம்பாக்கத்துக்கு பைக்கில் போகும்போது லாரி அடித்துப் போய்விட்டான். ஜெரால்டுக்குத் தண்ணீர் கொடுக்கும்போதே சொல்லிவிட்டாள்.

"அன்னிக்கு காலையில ஊட்ல சண்ட தம்பி. பேசாம கம்பெனி பஸ்ல வந்துட்டேன். பின்னாடியே பைக்ல வந்து கேட்ல 'ம்மா'ன்னு கூப்ட்டான். நான் திரும்பல. கேமராவுல இருக்கும்ல? சிரிச்சிக்கினு கூப்ட்டானா, இன்னான்னு ஒரு தபா பாத்துட்டா போதும்."

கேமராப் பதிவெல்லாம் இந்த சர்வரில்தான். அதுவோ போன வாரம் படுத்துவிட்டது. மேனேஜர் வெங்கடேசனுக்கு சர்வர் என்பது ஏசி அறைச் சாமி. கஷ்டம் வந்தால்தான் ஞாபகம் வரும்.

ஜெரால்ட் பவரைப் பார்த்தான். கேபிளை மாற்றினான். டிஸ்க்குகளை இயக்கும் கார்டைக் கழற்றித் துடைத்து மாட்டினான். டிஸ்க்குகளை இடம் மாற்றிப் போட்டான். ஒன்று சுற்றவே இல்லை. இன்னொன்று உள்ளுக்குள் டக், டக் என்று தட்டிக்கொண்டே இருந்தது. மாதாவே என்று மறுபடி செருகினான். அதே டக், டக்.

கார்டில் மிச்சமிருந்த லாக்கை, எது எப்போது பழுதானது என்ற குறிப்பை, படித்தான். இரண்டு டிஸ்க்கிலும் ஒரே பதிவுதான் இருக்கும். ஒன்று செத்தாலும் மற்றது காப்பாற்றும். முதல் டிஸ்க் ஐப்பசியிலேயே செத்திருக்கிறது. அதன் நெற்றியில் எச்சரிக்கையாக மஞ்சள் விளக்கு எரிந்திருக்கும். யாராவது பார்த்திருந்தால் அப்போதே புதிது போட்டிருக்கலாம், பையனின் முகமும் தப்பியிருக்கும். நகத்தால் சந்தனத்தைச் சுரண்டினான். அடியில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

"நான்தான் வெச்சேன் தம்பி" என்றாள் திலகவதி, கொஞ்சம் பெருமையாகவே. "எல்லா மிஷினுக்கும் வெச்சாங்க, இத்த மட்டும் மறந்துட்டாங்க. எம்புள்ள வேல பாக்குற எடத்துல ஒண்ணும் கொறையா நிக்கக்கூடாதுன்னு சாவி வாங்கியாந்து வெச்சேன். ஏன், அதனால இன்னாவது ஆயிட்சா?"

ஜெரால்ட் ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவன், பொய் சொல்ல அஞ்சுகிறவன். ஆனாலும் இந்தப் பாரத்தையும் அவள் தலையில் ஏற்ற அவனுக்கு மனசு வரவில்லை.

"அதெல்லாம் இல்லம்மா. டிஸ்க் பழசு."

"அப்போ அன்னிக்கு எடுத்தது?"

"போய்ட்சும்மா."

அவள் அழவில்லை. மாப்பை எடுத்துத் துடைத்த இடத்தையே துடைத்தாள்.

புது டிஸ்க்குகளைப் போட்டு எல்லாவற்றையும் ஏற்றி முடிக்க மதியமாகிவிட்டது. கேமராக்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. கடைசியாக கேட். திலகவதி மாப்பைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"அன்னிக்கா தம்பி?"

"இல்லம்மா. இது இப்போ."

அவள் நகரவில்லை. ரெண்டாம் ஷிப்ட் பையன்கள் பைக்கில் வந்துகொண்டிருந்தார்கள். ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைக் காட்டினால்தான் செக்யூரிட்டி உள்ளே விடுவான். ஒவ்வொருத்தனாகக் கழற்றினான். ஒவ்வொரு முகத்தையும் அவள் குனிந்து பார்த்தாள்.