நொண்டலின் பேரில் முன்பணம்

என் நொண்டலை அடகு வைக்கப் போனபோது எனக்கு முன்னால் மூன்று பேர் இருந்தார்கள். முதல் ஆள் கழுத்து வலியை வைக்க வந்தவர். அடுத்தவருக்கு உள்காயம். அதை வெளியே எடுக்கவே அரை மணி நேரம் ஆனது. மூன்றாவது ஆளுக்கு விபத்தில் வந்த ஞாபகமறதி. எதற்கு வந்தோம் என்று மறந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோர்ட்டுக்கு எதிரே இப்படி ஒரே ஒரு கடைதான். விபத்து வழக்குப் போட்டவர்களுக்கு, நஷ்ட ஈடு வரும்வரை கைச்செலவுக்கு முன்பணம் தருவார்கள்.

கவுன்ட்டரில் நாச்சிமுத்து என்பவர் இருந்தார்.

"பேருங்க?"

"குப்புராஜ். சிலிண்டர் போடறவன். பஸ் இடிச்சிருச்சு."

"எந்தக் காலுங்க?"

"இடது."

"நடங்க, பாக்கலாம்."

நடந்தேன். கண்ணை மூடிக்கொண்டு காலடிச் சத்தத்தைக் கேட்டார். பிறகு என் குதிகாலை உரைகல்லில் தேய்த்து ஒரு சொட்டு அமிலம் விட்டார்.

"பத்து சதம் கலப்படம் இருக்குதுங்ணா. செருப்புக் கடி."

"அதைக் கழிச்சிக்குங்க."

"கழிச்சாச்சு. வழக்கு ஜெயிச்சா, பணத்தக் கட்டி நொண்டலைத் திருப்பிக்கோணும். தோத்தா பைசா தர வேண்டாம். ஆனா நொண்டல் எங்களுது."

நொண்டலை உருவிப் பழுப்புக் கவரில் போட்டு அரக்கு வைத்தார். கவர் மேஜைமேல் தாங்கித் தாங்கி நகர்ந்தது. மேலே பேப்பர் வெயிட்டை வைத்தார்.

வாசலில் ஐந்து படி. ஒரே தாவில் இறங்கினேன். திரும்பி ஏறினேன். மறுபடி தாவினேன். ஏழாவது தாவலுக்கு வாட்ச்மேன் கைதட்டினார்.

வாடகை கொடுக்கத்தான் முன்பணம் வாங்கினேன். வாடகை ஞாபகம் வரவில்லை. கௌசல்யா ஞாபகம் வந்தது. குடோனுக்கு ஓடிப்போய் ஒரு சிலிண்டரைத் தோளில் ஏற்றினேன்.

கௌசல்யா தையல் டீச்சர். நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது. விபத்தன்று அவளுக்குத்தான் சிலிண்டர் கொண்டுபோனேன். மேலே அவள் குக்கர் இரண்டு விசில் அடித்தது. கண்டக்டர் ஒரு விசில் அடித்தால் பஸ் நிற்கும். இரண்டு அடித்தால் கிளம்பும். பஸ் கிளம்பியது. பஸ்ஸுக்கு முன்னால் நான் இருந்தேன். அதே நொடியில் மேலே அவள் சிலிண்டரும் தீர்ந்தது.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் ஏழு மாதம். வேறு யாரிடமும் அவள் சிலிண்டர் வாங்கவில்லை.

கட்டிடம் வளர்ந்திருந்தது. வழக்கில் ஒரு வாய்தா விழுந்தால் ஒரு மாடி ஏறிவிடுமாம். எனக்குப் பதினொரு வாய்தா. பதினைந்தாவது மாடிக்கு ஏறினேன். பாடிக்கொண்டே ஏறினேன்.

கௌசல்யா கையில் பிடிதுணியோடு அடுப்பருகே நின்றிருந்தாள்.

"வாங்க. மூணாவது விசிலுக்கு நின்னுட்டிருக்கேன்."

"ரெண்டு வருஷமாவா?"

"எறக்கிட்டா அரிசி வேகாதுங்களே."

ரெகுலேட்டரை மாட்டக் குனிந்தேன். வாஷர் இல்லை. சட்டைப் பையில் எப்போதும் ஒன்று வைத்திருப்பேன். விபத்தன்று போலீஸ்காரர்கள் அதை எடுத்துப் போய்விட்டார்கள். இப்போது அது கோர்ட்டில் மூன்றாவது தடயப் பொருள். தீர்ப்பு வந்தால்தான் கைக்கு வரும்.

"வேற வாஷர் போடக்கூடாதுங்களா?"

"இந்த அடுப்பு ஏத்துக்காது."

"ஆமா," என்றாள். "அதுக்கு ரோஷம் ஜாஸ்தி."

போன் அடித்தது. என் வக்கீல் அமிர்தவல்லி.

"குப்புராஜ், இன்னிக்குத் தீர்ப்பு. ஜட்ஜ் உங்களை நடந்து காட்டச் சொல்றாரு. நொண்டலோட வந்தீங்கன்னா ஜெயிச்சிட்டோம்."

"ஜெயிச்சா, நொண்டல்?"

"ஆயுசு முழுக்க உங்களுதுதான். வாழ்த்துக்கள்."

ஜன்னல் வழியே கீழே பார்த்தேன். பதினைந்து மாடி. ஒரு சிலிண்டர் நாற்பத்தைந்து நாள் வரும். அடுத்ததை யார் தூக்குவது?

"கௌசல்யா, நான் போய்த் தோத்துட்டு வந்துடறேன்."

"சீக்கிரம் தோத்துட்டு வாங்க."

கோர்ட் வராந்தா நடந்தால் நீண்டது. ஓடினால் சுருங்கியது. ஓடினேன்.

உள்ளே நாச்சிமுத்து எனக்கு முன்பே வந்திருந்தார். இடது காலை இழுத்து இழுத்து என்னிடம் வந்தார்.

"வர்ற வழியில கவர் கிழிஞ்சு போச்சுங்ணா. எங்காலுல ஏறிக்கிச்சு. சட்டுனு வாங்கிப் போட்டுக்குங்க."

"வேண்டாங்க."

"நீங்க தோத்தா மொதலாளி நொண்டலோட சேத்து என்னையே ஏலம் விட்டுருவாருங்ணா!"

"மனுதாரர் நடந்து காட்டுங்க," என்றார் நீதிபதி.

நடந்தேன். நாச்சிமுத்து காலை நீட்டிக்கொண்டே பின்னால் வந்தார். வேகமாக நடந்தேன். அவரும் வேகமாக நொண்டினார். ஓடினேன். சாட்சிக் கூண்டைச் சுற்றினோம், டைப்பிஸ்ட்டைச் சுற்றினோம். அமிர்தவல்லி கோப்பால் முகத்தை மூடிக்கொண்டார். பஸ் கம்பெனி வக்கீல் சுற்றுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"பதிமூணு ஆச்சுங்க ஐயா."

"நொண்டறது யாரு?" என்றார் நீதிபதி.

"அடகுக் கடைக்காரர்."

"ஓடறது?"

"மனுதாரர்."

"தள்ளுபடி."

நான் குதித்தேன். வராந்தாவில் ஞாபகமறதியை அடகு வைக்க வந்தவரும் குதித்தார். எதற்கென்று அவருக்குத் தெரியவில்லை.

நீதிபதி தன் சுண்டுவிரலிலிருந்து வாஷரைக் கழற்றிக் கொடுத்தார். "பழகிப் போச்சு," என்றார். கண் கலங்கியிருந்தார்.

மீட்காத நகையை ஏலம் விடுவதுபோல் நொண்டலை அங்கேயே ஏலம் விட்டார்கள். பஸ் கம்பெனி வக்கீல் போட்டி போட்டு எடுத்தார். அடுத்த மாதம் அவருக்கு ஒரு விபத்து இருக்கிறதாம். நாச்சிமுத்து நிமிர்ந்து நடந்து டீ குடிக்கப் போனார்.

தள்ளுபடியான வழக்குக்கு வாய்தா கிடையாது. கட்டிடம் பழையபடி நாலே மாடியாக நின்றது. எனக்கு அது போதவில்லை. ஏறி, இறங்கி, இன்னொரு தடவை ஏறினேன்.

வாஷரைப் போட்டேன். அடுப்பைப் பற்றவைத்தேன். கௌசல்யா இரண்டு தட்டு எடுத்து வைத்தாள். நாங்கள் குக்கரையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

மூன்றாவது விசில் வந்தது.

கீழே பஸ் நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி மேலே பார்த்தார்.

"போலாமா?"

பஸ்ஸுக்கு முன்னால் ஒரு தயிர்க்காரர் குனிந்து சைக்கிள் செயினை மாட்டிக்கொண்டிருந்தார். குக்கர் வெயிட் மறுபடி ஆட ஆரம்பித்தது. இன்னொன்று அடித்தால் இரண்டு விசில். கௌசல்யா என்னைப் பார்த்தாள்.

"அரிசி?" என்றேன்.

"வெந்திருக்கும்."

அடுப்பை அணைத்தேன். பஸ் இன்னும் அங்கேயேதான் நிற்கிறது.