டயருக்கு ஒரு கல்

1

இந்தக் கதை ஒரு கல்லிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கல் எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு படத்துக்குள் இருக்கிறது. ஆப்பிரிக்காவில், ஐ.நா. அமைதிப்படையின் வெள்ளை அம்புலன்ஸ் பக்கத்தில், இலங்கை ஆமிச் சீருடையில் என் அண்ணன் கிஷாந்த் நிற்கிறான். கையில் துப்பாக்கி இல்லை. பின் டயரை ஒட்டி ஒரு கல்.

அண்ணன் அம்புலன்ஸ் சாரதி. போர் நடந்த அந்த நாடு பலகை போலச் சமதரை. அங்கேயும் வண்டியை நிறுத்தும்போதெல்லாம் டயருக்குக் கல் வைத்தான். ஆமிக்குப் போவதற்கு முன் எங்கள் மலையூர் டிக்கோயாவில் தேயிலைக் கொழுந்து லொறியின் கிளீனர் அவன். லொறி நின்றதும் சரிவில் உருண்டுவிடாதபடி குதித்துக் கல் வைப்பது கிளீனரின் வேலை. "மெஹெ கந்து நே, மச்சங்" என்று கூட இருந்த சிங்களப் பையன்கள் சிரிப்பார்களாம். இங்கே மலை இல்லையடா.

(சமதரையில் நிற்கும் வண்டி தானாக உருளாது. பௌதிகவியல் பட்டதாரி என்ற முறையில் இதை அண்ணனிடம் விளக்கினேன். "எனக்குத் தெரியும். கைக்குத்தான் தெரியல" என்றான்.)

2

தோட்டத்துக் கோயில் திருவிழா மலருக்காக எழுதுகிறேன். முதல் தொடக்கம் இது:

'குண்டுகள் சீறின. கிஷாந்த் துப்பாக்கியை இறுகப் பற்றியபடி—'

அண்ணன் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"யாரு லோஜி இது?"

"நீதான்."

"ஸ்டியரிங்க யாரு புடிச்சா அப்ப? அழி."

அழித்தேன். கதை எப்படிப் போயிருக்கும் என்று நீங்கள் பார்ப்பதற்காக இங்கே மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.

3

அவன் விடுமுறையில் வந்த வாரம், மலைநீர் குழாயாய் விழும் பீலியடியில் தண்ணீர் பிடிக்க நின்றோம். தொழிலாளர் வீட்டு வரிசையான பக்கத்து லயத்திலிருந்து வந்த காளியாயி அத்தை கேட்டார்:

"ஏன்டா மருமகனே, எத்தன பேரச் சுட்ட?"

"ஒருத்தரயும் இல்ல அத்த. வண்டிதான் ஓட்டுனேன்."

"படத்துல கல்லு கெடக்கே?"

"அதுவும் நான் வச்சதுதான்."

"கல்லு வைக்கவா கடல் தாண்டிப் போன? இங்கனயே கிளீனரா இருந்திருந்தா எங்க வீட்டுத் தேத்தண்ணியாச்சும் கெடச்சிருக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை.

மறுநாள் காலை, அம்மா படத்தைக் கழற்றிக் கொழுந்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா போற?" என்றான் அண்ணன்.

"ஹட்டன் ஸ்டூடியோவுக்கு. கல்லு தெரியாம வெட்டச் சொல்றேன்."

"என் காலும் போயிருமே."

"போகட்டும். நெஞ்சுக்கு மேல இருந்தா போதும். அப்பத்தான் ஆமிக்காரன் மாதிரி இருக்கும்."

நாள் முழுக்கக் கேலி செய்தாலும் மாறாத அண்ணனின் முகம் அப்போது மாறியது.

4

[இந்த இடத்தில் அவன் தன் பெருமையைப் பற்றிப் பேசுவதாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். அவன் அப்படிப் பேசுகிறவன் அல்ல. எடுத்துவிட்டேன்.]

படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு சொன்னான்:

"ஒரு கிராமத்துல, வயித்துல குண்டு பட்ட ஒரு பொம்பளப் புள்ள. ஏத்தியாச்சு. தெருக்கோடியில திரும்பச் சுட ஆரம்பிச்சிட்டாங்க. எடு எடுன்னு நர்ஸ் கத்துறாரு. கல்லு டயருக்கு முன்னால இருக்கு. அது மேல ஏத்துனா வண்டி தூக்கிப் போடும், புள்ள தாங்காது. எறங்கி எடுத்தேன்."

"எடுத்து?"

"ஓரமா வச்சேன்."

"சுடுறப்பவா? அங்கனயே வீசிட்டு ஏற வேண்டியதுதானே அண்ணே!"

"நடுரோட்டுல கல்லப் போட்டுட்டு வரச் சொல்றியா? பின்னால வாற வண்டி என்னா ஆவுறது?"

எங்கள் பாதைகளில், வைத்த கல்லை அப்படியே விட்டுப்போகும் லொறிக்காரனை ஊரே திட்டும். மூடுபனியில் வளைவு திரும்புகிற அடுத்த வண்டி அதில் ஏறினால் கீழே பள்ளம். அந்த மரியாதையை அவன் அவ்வளவு தூரம் கொண்டுபோயிருக்கிறான். பின்னால் வேறு வண்டியே வராத ஒரு சாலையில், தோட்டாக்களுக்கு நடுவே, குனிந்து.

இதைவிட நல்ல சிப்பாயை என்னால் எழுத முடியாது.

5

"அந்தப் புள்ள பொழச்சிச்சா?" என்று அம்மா கேட்டார்.

"தெரியாதும்மா. ஆஸ்பத்திரி வாசல்ல பின்கதவத் தொறந்து விட்டா என் வேல முடிஞ்சிரும். அடுத்த ஆளுக்குப் போகணும்."

"அப்புறமா விசாரிக்கலியா?"

"விசாரிச்சா அடுத்த தடவ கை நடுங்கும்மா."

அம்மா படத்தை வாங்கி முந்தானையால் துடைத்தார். கல் இருந்த மூலையில் கூடுதலாக ஒருமுறை. பழைய ஆணியிலேயே மாட்டினார். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனார். வீட்டில் தண்ணீர் நிறைய இருந்தது. அவருடைய குரல் லயம் முழுக்கக் கேட்டது:

"காளியாயி! எம்மகன் எதுக்குக் கல்லு வச்சான்னு கேட்டியே, அத எப்புடி எடுத்தான்னு கேளு!"

6

முடிவு அ: அவள் பிழைத்தாள். இப்போது தன் ஊரில்— (அவளுடைய ஊர்ப் பெயர்கூட எனக்குத் தெரியாது.)

முடிவு ஆ: அவள்— (இதை எழுத மாட்டேன்.)

அளவீடு நின்ற இடத்துக்கு அப்பால் வரைபுக் கோட்டை நீட்டக் கூடாது என்று ஆய்வுகூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அண்ணனுக்குத் தெரிந்தது வாசல் வரைதான். எனக்கும் அவ்வளவுதான்.

வண்டி வாசலில் நிற்கிறது. பின்கதவைத் திறந்துவிட்டேன். நீங்கள் ஆஸ்பத்திரிக்கு உள்ளே இருப்பவர்கள். வாங்கிக்கொள்ளுங்கள்.

மெதுவாக. வயிற்றில் காயம்.