இரண்டு வழிக்கும் ஒரே கோடு

அன்றைக்கு வால்தெகோர்சோ ஊர்க்கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் ஐந்து பேர். கூடிய இடம், பிள்ளைகள் இல்லாததால் பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கூடம். ஜன்னல் பக்கத்து பெஞ்சுகளில் மேல்தெருக்காரர்கள்: முன்னால் விசித்தாசியோன், அவளுக்குப் பின்னால் தேனீ வளர்க்கும் எர்மினியோ. சுவரோரத்தில் கீழ்த்தெருக்காரர்கள்: மதுக்கடை எவுதிமியோ, அதே பெஞ்சில் ஓர் ஆள் இடம் விட்டு, ஆடு மேய்க்கும் சத்துர்னினா. நடுவே வாத்தியார் மேசைக்குப் பின்னால் ஊர்த்தலைவி ஒப்துலியா. மற்ற வீடுகளுக்கு ஆகஸ்டில் மட்டும்தான் ஆள் வரும், இப்போது அக்டோபர். சிறுபிள்ளைகளுக்காகச் செய்த பெஞ்சு என்பதால் எர்மினியோவின் முழங்கால்கள் அவர் மோவாயைத் தொடாத குறை. பெரியவர்கள் உட்காரும் நாற்காலி ஒப்துலியாவுக்கு மட்டும் வாய்த்திருந்தது. உட்கார்ந்ததும், இப்படியே மேசைமேல் தலையை வைத்துக் கண்ணை மூடினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

மலையேற்றச் சங்கத்திலிருந்து வந்த கடிதத்தை அவள் படித்தாள். மொந்தெரூபியோ கோட்டைவாசலில் தொடங்கி மடாலயம் வரை போகும் நடைவழி, உங்கள் ஊரில் இரண்டாகப் பிரிகிறது. இரண்டு கிளையிலும் எங்களுடைய வெள்ளை மஞ்சள் கோடு இருக்கிறது. எது சரியான வழி என்று, ஊரில் குடியிருக்கும் எல்லா வீட்டாரும் கையெழுத்திட்டு, மாதம் முடிவதற்குள் எழுதுங்கள். இல்லையென்றால் அந்த நடைவழியையே வரைபடத்திலிருந்து எடுத்துவிடுவோம்.

"யாரு வேலைன்னு எல்லாருக்கும் தெரியும்," என்றான் எவுதிமியோ, ஜன்னலைப் பார்த்தபடி.

"தெரியும். உன் வேலைதான்," என்றாள் விசித்தாசியோன்.

இரண்டு பேரும் சொன்னது பாதி உண்மை. வசந்தத்தில் வீட்டுக்கு ஓர் ஆள் என்று கூடிப்போய்ப் பாதை செப்பனிடுவது அங்கே வழக்கம். முள்ளை வெட்டுவார்கள், ஓடையில் சரிந்த கல்லைத் தூக்கிவைப்பார்கள், மங்கிய கோட்டுக்குப் புது வண்ணம் அடிப்பார்கள். வராத வீடு மற்றவர்களுக்கு வைன் வாங்கித்தர வேண்டும். போன வசந்தத்தில் இரண்டு தெருவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. முந்தின கோடையில் பாசனத் தண்ணீரை யார் திருப்பினார்கள் என்பது தகராறு. அதனால் ஆளுக்கொரு வண்ண டப்பாவோடு தனித்தனியாகப் போனார்கள். கருவாலி மரத்தோப்புக்குக் கீழே பாதை பிரியும் இடத்தில், மேல்தெருக்காரர்கள் ஒப்துலியா வீட்டு வாசலைத் தொட்டுப் போகும் மேல்வழியில் கோடு போட்டார்கள். கீழ்த்தெருக்காரர்கள் மதுக்கடையை ஒட்டிப் போகும் கீழ்வழியில் போட்டார்கள். இரண்டு வழியும் ஊருக்கு அப்பால் துணி துவைக்கும் தொட்டியடியில் மறுபடி சேரும். ஒரு வழியாக ஏறி வந்தவன் அங்கே இன்னொரு வழியின் பளிச்சென்ற கோட்டைப் பார்த்து அதைப் பிடித்தான் என்றால், மடாலயத்துக்குப் பதிலாகப் பழைய இடத்துக்கே திரும்பி வருவான்.

"அந்த ஹாலந்துக்காரன் கதையைச் சொல்லட்டுமா?" என்றான் எவுதிமியோ.

"வேண்டாம்," என்றாள் ஒப்துலியா.

அவன் சொன்னான். "மத்தியானம் தலைவியம்மா வீட்டுல பூண்டு சூப்பு குடிச்சிட்டுப் போறான். சாயங்காலம் அதே கதவைத் தட்டி, தொப்பியைக் கழட்டி, முதல்லேருந்து தன் பேரைச் சொல்றான்! அடுத்த ஊருக்கு வந்துட்டோம்னு நெனப்பு. இந்தம்மாவும் அவனை உட்கார வச்சு அதே சூப்பைச் சூடு பண்ணிக் குடுத்திருக்கு. வெளிய வந்து எங்கிட்ட கேக்குறான், இந்தப் பக்கத்துப் பொம்பளைங்க எல்லாம் அக்கா தங்கச்சியான்னு."

சத்துர்னினா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எர்மினியோவும் சிரித்துவிட்டு, விசித்தாசியோன் திரும்பிப் பார்த்ததும் இருமினார்.

ஒப்துலியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சாயங்காலம் அவள் கதவைத் திறந்தபோது, வந்தவன் புதியவனா பழையவனா என்று பார்க்கவே இல்லை. கண்ணில் பட்டது சேறு படிந்த காலணி மட்டும். உள்ளே வரச்சொன்னாள், அவ்வளவுதான். வருஷா வருஷம் ஏப்ரலிலிருந்து அவள் வாழ்க்கை அப்படித்தான் ஓடியது. பொழுது வெளுப்பதற்கு முன்பே நடப்பவர்களின் ஊன்றுகோல்கள் வாசல் கல்லில் டக் டக்கென்று போகும். வெயில் ஏறினால் தண்ணீர். பிறகு கொப்புளம், பிளாஸ்திரி, அடுப்புக் கம்பியில் யாருடைய காலுறையோ. மத்தியானம் கண்ணயரும் நேரத்தில் யாராவது தட்டுவார்கள். அவர்கள் தருவதை வாங்கி ஜாடியில் போடுவாள், அதற்காகச் செய்யவில்லை. கதவைத் தட்டுகிறவனிடம் இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. வெளியே ஆள் நிற்பது தெரிந்தும் விளக்கை அணைத்துக்கொண்டு படுத்திருக்கவும் முடியாது. ஒருமுறை முயன்று பார்த்தாள், இரண்டாம் தட்டிலேயே எழுந்துபோய்த் திறந்துவிட்டாள். யாரும் தட்டாமல் இருந்தால்தான் உண்டு. அதற்கு அந்த வழி அவள் வாசலை விட்டுப் போக வேண்டும்.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியது விசித்தாசியோனிடம். செத்துப்போன புருஷனின் தங்கை. மேல்வழி ஒப்துலியாவுடையது என்று இத்தனை வருஷமாக ஊரோடு சண்டை போடுகிறவள்.

"பேசினது போதும். வீட்டுக்கு ஒரு வாக்கு," என்றாள் ஒப்துலியா. "மேல்வழிக்குக் கை தூக்குங்க."

விசித்தாசியோனும் எர்மினியோவும் தூக்கினார்கள்.

"கீழ்வழிக்கு."

எவுதிமியோவும் சத்துர்னினாவும்.

"சரிக்குச் சரி. தலைவியோடது மட்டும் பாக்கி," என்று சொல்லி விசித்தாசியோன் தோள்சால்வையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். வீட்டுக்குக் கிளம்பத் தயாராகும்போது இழுக்கும் இழுப்பு அது. "எழுதிடு அண்ணி. எனக்கு அடுப்புல கொண்டைக்கடலை கெடக்கு."

ஒப்துலியா மேசை விளிம்பில் யாரோ ஒரு பையன் எப்போதோ கத்தியால் கீறிய பள்ளத்தில் விரலை ஓட்டினாள்.

"என் வாக்கு கீழ்வழிக்கு," என்றாள்.

முதலில் வாய் திறந்தவன் எவுதிமியோ. ஜெயித்தவன் முகமாக அது இல்லை.

"எதுக்கு?" என்றான்.

"நீதானே கேட்ட."

"கேட்டேன். கேக்குறதுக்கு என்ன? மேல்தெருக்காரங்க வேணும்னாங்க, நாங்களும் வேணும்னோம். அத்தனை பேரும் என் கடைக்கு வந்தா நான் எப்பத் தூங்குறது? நான் மத்தியானம் கடையைச் சாத்துறவன், ஒப்துலியா."

"சாத்திக்கோ. கடைக்குக் கதவு இருக்குல்ல. திறக்கிற நேரம்னு பலகை மாட்டு. கடைன்னா ஜனங்க புரிஞ்சுக்குவாங்க. வீட்டுக் கதவுல அப்படி மாட்ட முடியாது."

"ஆடு வழியில நிக்கும், சொல்லிட்டேன்," என்றாள் சத்துர்னினா. "படம் புடிச்சா புடிச்சுக்கட்டும். ஆனா ஆட்டுக்கு ரொட்டி குடுக்கக் கூடாது. அதையும் கடுதாசியில எழுது."

"அதை எழுத முடியாது சத்துர்னினா."

விசித்தாசியோன் எழுந்து நின்றுவிட்டாள். "நாங்க யாருக்காகச் சண்டை போட்டோம்? எங்க அண்ணன் வாசல்னுதானே? இவன் மூஞ்சியில ஒரு வருஷத்துக்கு மேலா முழிக்காம இருந்தது யாருக்காக?"

"அதுல எனக்கொண்ணும் நஷ்டமில்ல," என்றான் எவுதிமியோ.

"நீ வாயை மூடு! அண்ணி, கேக்குறேன்ல?"

"எனக்கு முடியல விசி," என்றாள் ஒப்துலியா. "முழங்கால் வலி, முதுகு வலின்னு சொல்லலாம். அதெல்லாம் இருக்கு. ஆனா அதில்ல. மனுஷங்களைப் பாத்தா அலுப்பா இருக்கு. நல்ல மனுஷங்கதான். நன்றி சொல்லிட்டுத்தான் போறாங்க. அந்த நன்றியைக் கேட்டுக்கக்கூட எனக்குத் தெம்பில்ல."

பின்னால் இருந்து எர்மினியோ மெதுவாகச் சொன்னார்: "நான் போன வருஷமே பாத்தேன். இந்தம்மா நின்னுக்கிட்டே தூங்குச்சு."

"பாத்தா சொல்ல வேண்டியதுதானே ஐயா!" என்றாள் விசித்தாசியோன்.

"யார்கிட்டச் சொல்றது? உங்கிட்டயா?"

விசித்தாசியோன் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டாள்.

ஒப்துலியா தாளை எடுத்து எழுதத் தொடங்கினாள். இடம், தேதி. மதிப்புக்குரிய சங்கத்தாருக்கு. சரியான வழி கீழ்வழி. மேல்வழியில் இருக்கும் கோடுகளை இரண்டு தெருக்காரர்களும் சேர்ந்துபோய் வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் சுரண்டி எடுப்பார்கள். பிரியும் இடத்தில் வழி தவறு என்று காட்டும் பெருக்கல் குறியைப் போடுவார்கள். 'சேர்ந்துபோய்' என்பதை அவள் வாய்விட்டுப் படித்தபோது எவுதிமியோ ஏதோ முணுமுணுத்தான். வராதவன் வைன் வாங்கித்தர வேண்டும் என்று அவள் நினைவுபடுத்தியதும் அடங்கினான். தன் கடை வைனையே சும்மா ஊற்ற வேண்டியவனுக்கு அந்த அபராதம் இரட்டிப்பு வலி.

எவுதிமியோ கையெழுத்திட்டான். சத்துர்னினா நிதானமாகத் தன் முழுப்பெயரையும் எழுதினாள். எர்மினியோ பெஞ்சிலிருந்து எழவே சிரமப்பட்டார். சத்துர்னினா கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். அவரும் போட்டார். மூன்று பேரும் வெளியே போனார்கள். கடிதம் விசித்தாசியோனுக்காகக் காத்துக் கிடந்தது. அவள் ஒரு கையெழுத்து இல்லாவிட்டால் சங்கம் அதை ஏற்காது. வரைபடத்திலிருந்தே வழி போய்விடும்; நடப்பவர்கள் பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு கோடு கண்ட பக்கமெல்லாம் சுற்றிச் சுற்றி வந்து ஒப்துலியாவின் கதவையே தட்டிக்கொண்டிருப்பார்கள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்," என்றாள் விசித்தாசியோன், திரும்பாமல்.

"சொன்னா நீ என்ன பண்ணியிருப்ப?"

"உதவிக்கு வந்திருப்பேன். சூப்பு வச்சுக் கொண்டாந்திருப்பேன். ராத்திரி கூடப் படுத்திருப்பேன்."

"ஆமா. விடிய விடியப் பேசிக்கிட்டும் இருந்திருப்ப."

விசித்தாசியோன் திரும்பினாள். கோபமா அழுகையா என்று அவளுக்கே தீர்மானமாகாத முகம்.

"நீ எங்க அண்ணனைக் கட்டினப்பவே எனக்குத் தெரியும்," என்றாள். "வாயே திறக்காதவ இவன்னு."

"இப்பத் திறந்தேன்ல? போடு விசி."

அவள் பேனாவை வெடுக்கென்று பிடுங்கி, மற்ற மூன்று பெயர்களும் சேர்ந்து அடைத்த அளவு இடத்தில் தன் பெயரைப் போட்டாள். கொண்டைக்கடலை தீய்ந்துபோயிருக்கும், அதற்கும் நீதான் பொறுப்பு என்று சொல்லிவிட்டு, கதவை அறைந்து சாத்தாமல், ஒருக்களித்து வைத்துவிட்டுப் போனாள்.

ஒப்துலியா தன் கையெழுத்தையும் போட்டுத் தாளை மூன்றாக மடித்தாள். உறையை நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டி, ஓரத்தை நகத்தால் அழுத்தித் தேய்த்தாள். தபால்தலை கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தது, சரிசெய்யவில்லை. கோவில் முன்னால் ரொட்டி வண்டியின் ஹாரன் கேட்டதும் பள்ளிக்கூடத்தைப் பூட்டிக்கொண்டு இறங்கினாள்.

"மொந்தெரூபியோவுல தபால்பெட்டியில போட்டுடுப்பா," என்று வண்டிக்காரனிடம் உறையைக் கொடுத்தாள். "மறந்துடாத."

அவன் அதை ஸ்டியரிங்குக்கு மேலே, கண்ணாடியோரம் செருகிவைத்தான். "ரொட்டி வழக்கம்போலவா அம்மா? இல்ல, சீசன் முடிஞ்சு போச்சா?"

ஒப்துலியா மேல்தெருவைப் பார்த்தாள். முதுகில் மூட்டையோடு இரண்டு பேர், சுவரில் இருந்த கோட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அவள் வீட்டுப் பக்கம் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"வழக்கம்போலவே குடு," என்றாள். "கோடு இன்னும் அழியலை."

வண்டி கீழ்வழியாகக் கிளம்பிப் போயிற்று.